பரேல் நுண்ணோக்கியிலிருந்து மரபணு சிகிச்சை வரை: கனோல்கர் தொடங்கிய புற்றுநோய் ஆய்வு

இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட மரபணு மாற்ற உயிரணு சிகிச்சை, 2021-ம் ஆண்டு ஜூன் 4-ம் தேதி நவி மும்பை கார்கரில் உள்ள டாடா நினைவு மையத்தின் ஆய்வு வளாகத்தில் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு அளிக்கப்பட்டது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய இச்சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது. 2024-ம் ஆண்டு ஏப்ரல் 4-ம் தேதி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

வெளிநாட்டில் ரூ. 3 கோடி முதல் ரூ. 4 கோடி வரை செலவாகும் சிகிச்சை, இங்கே அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கில் கிடைக்கிறது என்பதே செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. அச்சிகிச்சை முதலில் அளிக்கப்பட்ட வளாகத்தின் பூர்வோத்தரம் அதிகம் பேசப்படவில்லை. 1952-ம் ஆண்டில் பம்பாய் பரேலில் தொடங்கப்பட்ட இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையத்தின் இன்றைய வடிவமே அந்த வளாகம். அதை உருவாக்கி நடத்தியவர் அறுவைச் சிகிச்சை நிபுணரோ, மருந்து ஆராய்ச்சியாளரோ அல்லர். வசந்த் ராம்ஜி கனோல்கர் என்ற நோய்க்குறியியல் வல்லுநர்.

நோய்க்குறியியல் வல்லுநரை நோயாளிகள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. கட்டியிலிருந்து வெட்டியெடுத்த சிறு துணுக்கு அவரது மேஜைக்குப் போகும். அது மெல்லிய சீவலாகச் சீவப்பட்டு, சாயமேற்றப்பட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டப்படும். நுண்ணோக்கி வழியே அதைப் பார்த்து அவர் எழுதும் இரண்டு வரிகளை வைத்துத்தான் நோயாளியின் அடுத்த சில ஆண்டுகள் தீர்மானிக்கப்படும். கைராசிக்காரர் என்ற பெயர் அறுவைச் சிகிச்சை நிபுணருக்குப் போய்விடும். இந்தியப் புற்றுநோய் ஆய்வு இப்படிப்பட்ட மேஜை ஒன்றிலிருந்து தொடங்கியது என்பதுதான் கனோல்கரின் வரலாறு.

'இந்தியர்களுக்குப் புற்றுநோய் குறைவு'

1895-ம் ஆண்டு ஏப்ரல் 13-ம் தேதி பிறந்த கனோல்கர், லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1923-ம் ஆண்டில் நோய்க்குறியியலில் எம்.டி. பட்டம் பெற்றார். தாயகம் திரும்பியதும் பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலும், பின்னர் சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மருத்துவக் கல்லூரியிலும் பேராசிரியராகப் பணியாற்றினார்.

அந்தக் காலத்தில் ஆங்கிலேய மருத்துவர்கள் பலரிடம் ஒரு கருத்து வேரூன்றி இருந்தது. புற்றுநோய் நாகரிக வாழ்க்கையின் நோய், இந்தியர்களிடம் அது அபூர்வம் என்பதே அக்கருத்து. அது அடியோடு ஆதாரமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. மருத்துவமனைப் பதிவேடுகளில் புற்றுநோயாளிகள் உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்தனர். ஆனால், மருத்துவமனைக்கு வந்தவர்களே குறைவு. அவர்களிலும் திசுப் பரிசோதனை செய்யப்பட்டவர்கள் மிகக் குறைவு. இறந்தபின் உடலைப் பரிசோதிக்க உறவினர்கள் இசைவதில்லை. காலராவும் மலேரியாவும் காசநோயும் வாரிக்கொண்டு போன தேசத்தில், புற்றுநோய் வரும் வயதுவரை வாழ்ந்தவர்களும் சொற்பம். தேடாததால் கிடைக்காமல் போனதை இல்லாதது என்று எழுதிவைத்தார்கள்.

இதை மறுக்கும் சான்றுகள் தென்கோடியிலிருந்து முன்பே வந்திருந்தன. அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஐ.எம். ஓர் என்ற மருத்துவர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்று குறித்து 1933-ம் ஆண்டில் 'லான்செட்' இதழில் எழுதினார். எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இடம்பெற்ற சாமர்வெல் அறுவைச் சிகிச்சை நிபுணராகப் பணிபுரிந்த அதே மருத்துவமனைதான் இது. எனினும், ஒரு மாவட்டத்து மருத்துவமனையின் அனுபவம் தேசத்தின் கணக்காக ஏற்கப்படவில்லை.

1941-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி பரேலில் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டபோது நிலைமை மாறியது. தொழிலதிபர் சர் தோராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய், 1931-ம் ஆண்டில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டில் தோராப்ஜியும் காலமானார். அவர் பெயரிலான அறக்கட்டளை, புற்றுநோய்க்கென்றே தனியாக ஒரு மருத்துவமனையைக் கட்டியது. அதன் ஆய்வுக்கூடங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் இயக்குநராகக் கனோல்கர் பொறுப்பேற்றார். பல மாகாணங்களின் நோயாளிகள் ஒரே வாசலில் வந்து குவிந்தனர். அவர்களுடைய திசுத் துணுக்குகள் ஒரே மேஜைக்கு வந்தன.

ஆயிரம் பேரின் வாய்

மருத்துவமனை தொடங்கிய மூன்றே ஆண்டுகளில், 1944-ம் ஆண்டில், 'கேன்சர் ரிசர்ச்' என்ற அமெரிக்க ஆய்விதழில் கனோல்கரின் கட்டுரை வெளியானது. பம்பாயில் தொடர்ச்சியாக வந்த ஆயிரம் வாய்ப்புற்று நோயாளிகளைப் பற்றிய ஆய்வு அது. 'தொடர்ச்சியாக' என்ற சொல் முக்கியமானது. விசித்திரமான நோயாளிகளைப் பொறுக்கி எடுத்து எழுதுவது அக்கால மருத்துவ இதழ்களின் வழக்கம். கனோல்கர் வந்தவர்களை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டார். அதனால் அவரது கணக்கைத் தள்ளிவிட முடியவில்லை. மூன்று ஆண்டுகளில் ஒரே ஊரில் ஒரே வகைப் புற்றுக்கு ஆயிரம் நோயாளிகள் என்றால், இந்தியர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்ற வாதம் அதோடு நிற்க வேண்டியதுதான்.

எத்தனை பேர் என்பதோடு அவர் நிற்கவில்லை. எந்தச் சமூகத்தவருக்கு வாயில் எந்த இடத்தில் புற்று தோன்றுகிறது என்று பிரித்துப் பார்த்தார். தக்காணத்து இந்துக்கள், குஜராத்திகள், முஸ்லிம்கள், பார்சிகள் என ஒரே நகரில், ஒரே தண்ணீரைக் குடித்து வாழ்ந்த மக்களிடையே நோயின் இடம் மாறுபட்டது. ஒரு பிரிவினருக்குக் கன்னத்தின் உட்புறம். இன்னொரு பிரிவினருக்கு நாக்கின் அடிப்பகுதி. இந்த வேறுபாட்டுக்குப் பிறப்பைவிட, ஒவ்வொரு சமூகமும் புகையிலையை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதே விளக்கம் தருவதாக இருந்தது.

அடுத்த ஆண்டு வந்த கட்டுரை இன்னும் புகழ்பெற்றது. உடன் பணியாற்றிய சூர்யாபாயுடன் சேர்ந்து அவர் எழுதிய அக்கட்டுரை, பழக்கவழக்கங்களால் உண்டாகும் மூன்று புதிய புற்றுநோய் வகைகளை விவரித்தது.

முதலாவது, வேட்டிப் புற்று. முரட்டுத் துணியை இடுப்பில் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டுவதால் தோல் உராய்ந்து, வியர்வையில் ஊறி, நிறம் வெளுத்து, தடித்து, கடைசியில் புண்ணாகிப் புற்றாக மாறுவது. இரண்டாவது, கைனிப் புற்று. புகையிலையைச் சுண்ணாம்புடன் கசக்கிக் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்கும் பழக்கம் பிகார் பக்கம் மிகுதி. புற்று சரியாக அந்தப் பள்ளத்திலேயே தோன்றியது. மூன்றாவது, சுருட்டுப் புற்று. அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியான விசாகப்பட்டினம் பகுதியில், 'சுட்டா' எனப்படும் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு. பெண்களிடம் இது அதிகம். காற்றில் அணையாமல் இருக்கவும், வேலை செய்யும்போது சாம்பல் உதிராமல் இருக்கவும் இப்படிப் புகைத்ததாகச் சொல்வார்கள். சூடும் புகையும் நேராக அண்ணத்தைத் தாக்கின. வேறெங்கும் அரிதான அண்ணப் புற்று அங்கே சாதாரணமாகக் காணப்பட்டது.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எந்த இடத்தைப் பழக்கம் தொடர்ந்து புண்படுத்துகிறதோ, அந்த இடத்தில் நோய். எலியும் ஆய்வுக்கூடமும் இல்லாமலேயே மனித உடலில் நடந்துகொண்டிருந்த பரிசோதனையை அவர் நுண்ணோக்கி வழியே படித்தார் என்று சொல்லலாம். வேட்டிப் புற்று பழங்கதை ஆகிவிடவில்லை. உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியதால் இடுப்பில் புற்று கண்ட பெண்களைப் பற்றி 2024-ம் ஆண்டில்கூட பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் இந்திய மருத்துவர்கள் எழுதினர்.

1955-ம் ஆண்டில் சாங்வி, ராவ் ஆகியோருடன் இணைந்து 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் அவர் வெளியிட்ட ஆய்வு, புற்றுநோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டு, புகைப்பதும் மெல்லுவதும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுகளுடன் கொண்ட தொடர்பைக் கணக்கிட்டது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் 1950-ம் ஆண்டில் நிறுவியிருந்தனர். பீடிக்கும் வெற்றிலைப் புகையிலைக்கும் அதே முறையிலான விசாரணை பரேலில் நடந்தது.

ஆய்வு மையமும் அதில் வளர்ந்தவர்களும்

நோயைக் கண்டுசொல்வது ஒரு வேலை. நோய் ஏன் தோன்றுகிறது என்று உயிரணுவுக்குள் போய்ப் பார்ப்பது வேறு வேலை. இரண்டாவதற்கு மருத்துவமனையின் மூலையில் உள்ள ஆய்வுக்கூடம் போதாது என்று கனோல்கர் கருதினார். 1952-ம் ஆண்டில் மத்திய அரசின் ஆதரவுடன் இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையம் பரேலில் தொடங்கப்பட்டது. மரபணு எனப்படும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பு வெளியுலகுக்குத் தெரியவந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

அவர் தேர்ந்தெடுத்த ஆள்களைப் பார்த்தால் அவரது நோக்கம் புரியும். தாவரவியல் படித்துவிட்டு வந்த கமல் ரணதிவே, கனோல்கரின் வழிகாட்டலில் 1949-ம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கை என்பவரிடம் பயிற்சி பெற்றார். மனிதப் புற்றுநோய் உயிரணுக்களை உடலுக்கு வெளியே இடைவிடாமல் பெருக வைத்து, 'ஹீலா' உயிரணு வரிசையை உருவாக்கியவர் இந்த ஜார்ஜ் கை. அவரிடம் கற்றதைக் கொண்டு ரணதிவே, பரேலில் இந்தியாவின் முதல் திசு வளர்ப்பு ஆய்வுக்கூடத்தை நிறுவினார். மார்பகப் புற்றுக்கும் ஹார்மோன்களுக்கும் உள்ள தொடர்பை எலி இனங்களில் ஆராய்ந்தார். 1966 முதல் 1970 வரை ஆய்வு மையத்தின் இயக்குநர் பொறுப்பையும் வகித்தார். இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கம் 1973-ம் ஆண்டில் தொடங்கப்பட்டதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1982-ம் ஆண்டில் பத்மபூஷண் விருது பெற்றார்.

சத்யவதி சிர்சாட் என்ற இன்னொரு பெண் விஞ்ஞானி, மின்னணு நுண்ணோக்கியைப் புற்றுநோய் ஆய்வுக்குக் கொண்டுவந்தார். மக்கள்தொகை மரபியலைக் கவனிக்க சாங்வி இருந்தார். பெண்கள் அறிவியல் படிப்பதே செய்தியாக இருந்த காலத்தில், ஆய்வு மையத்தின் முக்கியப் பிரிவுகள் இரண்டு பெண்களின் பொறுப்பில் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

எல்லா முடிவுகளும் நிலைத்துவிடவில்லை. பாக்கு மெல்லுவோரின் வாய்த் தோல் இறுகி, வாயைத் திறக்க முடியாமல் போகும் நோயைச் சிர்சாட்டும் கனோல்கரும் விரிவாக ஆராய்ந்தனர். 1960-ம் ஆண்டில் வெளியான அவர்களது சோதனையில், மிளகாயின் காரச்சத்தை எலிகளின் அண்ணத்தில் தடவியபோது அதுபோன்ற மாற்றம் தெரிந்தது. காரம்தான் காரணமோ என்ற ஐயம் அதனால் எழுந்தது. பிற்கால ஆய்வுகள் மிளகாயை விட்டுவிட்டுப் பாக்கையே குற்றவாளியாக்கின. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை தெளிவாகச் சொன்னது. ஆந்திர ஊறுகாய்மீது விழுந்த பழி அதோடு நீங்கியது.

தொழுநோயில் ஒரு கிளைப்பாதை

புற்றுநோய் ஆய்வு மையத்தின் பெயர் தமிழ்நாட்டின் பொது சுகாதார வரலாற்றில் இடம்பெற்றது தொழுநோயால்தான். தொழுநோயின் தொடக்கநிலைத் தோல் மாற்றங்களைக் கனோல்கர் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, கிருமிகள் மெல்லிய நரம்பிழைகளை நாடிச் செல்வதைக் காட்டினார். 1951-ம் ஆண்டில் வெளியான அவரது இவ்வாய்வு, தொழுநோய் அடிப்படையில் நரம்பைத் தாக்கும் நோய் என்ற புரிதலுக்கு வலுசேர்த்தது.

1958-ம் ஆண்டில், தொழுநோயாளியின் திசுவிலிருந்து ஒரு கிருமியை ஆய்வு மையத்தில் வளர்த்தெடுத்தனர். பாபட், ரணதிவே, கனோல்கர் ஆகியோரின் முயற்சி இது. மையத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஐ.சி.ஆர்.சி. கிருமி' என்று அது அழைக்கப்பட்டது. அசல் தொழுநோய்க் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடியாது என்பதால், அதற்கு நெருங்கிய இக்கிருமிக்கு மதிப்பு கூடியது. பின்னர், நோய்க்குறியியல் வல்லுநரான மாதவ் தேவ் தலைமையில் இதிலிருந்து தடுப்பூசி உருவாக்கப்பட்டது. செங்கல்பட்டுப் பகுதியில் சுமார் 1.71 லட்சம் பேரிடம் நடத்தப்பட்ட தடுப்பூசிப் பரிசோதனையின் முடிவுகள் 1998-ம் ஆண்டில் வெளியாயின. ஒப்பிடப்பட்டவற்றில் இந்தத் தடுப்பூசி 65.5 சதவீதப் பாதுகாப்பு அளித்தது. பி.சி.ஜி. தடுப்பூசி அளித்தது 34.1 சதவீதமே.

கனோல்கருக்குப் பதவிகள் பல வந்தன. அணுக்கதிர் வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழுவில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார். பம்பாய் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1960-களின் தொடக்கத்தில் இருந்தார். மருத்துவத்துக்கான தேசிய ஆய்வுப் பேராசிரியராக மத்திய அரசால் நியமிக்கப்பட்டார். பத்மபூஷண் விருதும் பெற்றார். இந்திய நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் வல்லுநர்கள் சங்கத்தின் நிறுவனத் தலைவரும் அவரே. 1978-ம் ஆண்டில் காலமானார்.

இதற்கிடையே நிறுவனங்களின் நிர்வாகம் மாறியது. டாடா நினைவு மருத்துவமனையை 1957-ம் ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகம் ஏற்றது. 1962-ம் ஆண்டில் அது அணுசக்தித் துறைக்கு மாறியது. புற்றுநோய் மருத்துவமனைக்கும் அணுசக்தித் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று தில்லியில் இன்றும் கேட்பவர்கள் உண்டு. கதிர்வீச்சு சிகிச்சையின் வருங்காலத்தைக் கருதி ஹோமி பாபா காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு அது. 1966-ம் ஆண்டில் மருத்துவமனையும் ஆய்வு மையமும் இணைக்கப்பட்டு டாடா நினைவு மையம் ஆயின. 2002-ம் ஆண்டில் ஆய்வுப் பிரிவு பரேலிலிருந்து கார்கரின் 60 ஏக்கர் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது.

உயிரணுவுக்கே பாடம்

கார்கரில் 2021-ம் ஆண்டில் அளிக்கப்பட்ட சிகிச்சையின் அடிப்படை இதுதான். நோயாளியின் ரத்தத்திலிருந்து 'டி' உயிரணுக்கள் எனப்படும் எதிர்ப்பு உயிரணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். நோய் உண்டாக்கும் தன்மை நீக்கப்பட்ட ஒரு வைரஸை வாகனமாகக் கொண்டு, புதிய மரபணு ஒன்றை அவற்றுக்குள் செலுத்துகிறார்கள். அந்த மரபணுவின் கட்டளைப்படி, உயிரணுவின் மேற்பரப்பில் ஒரு புதிய கொக்கி முளைக்கிறது. புற்றாக மாறிய 'பி' உயிரணுக்களின் மீதுள்ள 'சி.டி.19' என்ற புரதத்தை அடையாளம் கண்டு பற்றுவதே அக்கொக்கியின் வேலை. இப்படி மாற்றப்பட்ட உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, அதே நோயாளியின் உடலில் மீண்டும் ஏற்றுகிறார்கள். மாத்திரைபோல் தினமும் உட்கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒருமுறை ஏற்றினால் போதும். உள்ளே சென்றபின் அவை தாமாகவே பெருகும்.

ஐ.ஐ.டி. பேராசிரியர் ராகுல் புர்வாரின் குழு இந்தக் கொக்கியை வடிவமைத்தது. டாடா மையத்தின் மருத்துவர்கள் கௌரவ் நருலா, ஹஸ்முக் ஜெயின் ஆகியோர் நோயாளிகளிடம் சோதனைகளை நடத்தினர். 64 பேருக்குச் சிகிச்சை அளித்ததன் முடிவுகள் 2025-ம் ஆண்டில் 'லான்செட் ஹெமட்டாலஜி' இதழில் வெளியாயின. மதிப்பிடத்தக்க 51 பேரில் 73 சதவீதத்தினருக்கு நோய் கட்டுப்பட்டது. மற்ற சிகிச்சைகள் பலனளிக்காமல் போன அல்லது நோய் திரும்பி வந்த நோயாளிகள் இவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆபத்தே இல்லாத சிகிச்சையும் அல்ல. ரத்த அணுக்கள் கடுமையாகக் குறைவது பெரும்பாலோருக்கு நேர்ந்தது. எதிர்ப்பு உயிரணுக்கள் ஒரேயடியாகக் கிளர்ந்தெழுவதால் காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் ஏற்படலாம்.

இங்கும் நோய்க்குறியியல் வல்லுநர் இல்லாமல் எதுவும் தொடங்குவதில்லை. புற்று உயிரணுவின்மீது 'சி.டி.19' இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர். அது இல்லையெனில், பல லட்சம் ரூபாய் செலவில் செய்த கொக்கிக்குப் பற்றிக்கொள்ள ஏதும் இராது. சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பினால், அந்தப் புரதத்தை உதிர்த்துவிட்டுப் புற்று தப்பித்ததா என்று கண்டுபிடிக்க வேண்டியவரும் அவரே.

கார்கரோடு முயற்சி நிற்கவில்லை. பெங்களூரிலிருந்து இதே வகை சிகிச்சை ஒன்று 2025-ம் ஆண்டு ஜனவரியில் சந்தைக்கு வந்தது. புற்றுநோய் அல்லாத துறையில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரத்தம் உறையாமை நோயாளிகள் ஐந்து பேருக்கு அளித்த மரபணு சிகிச்சையின் வெற்றி 2024 டிசம்பரில் வெளியானது.

எட்டாத தூரம்

ரூ. 30 லட்சம் முதல் ரூ. 40 லட்சம் வரை என்பது வெளிநாட்டுடன் ஒப்பிட்டால் மலிவுதான். பிகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் ரயிலேறி வந்து, இடம் கிடைக்காமல் பரேல் நடைபாதையில் படுத்துறங்கும் குடும்பத்துக்கு அந்த ஒப்பீட்டால் பயனில்லை. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம். மீதியை நிலத்தை விற்றோ, நன்கொடை திரட்டியோதான் கட்ட வேண்டும். விலை இன்னும் குறையும் என்று ஆய்வாளர்கள் நம்புகின்றனர். உற்பத்தி பெருகினால் அது நடக்கக்கூடியதே. ஆனால், ஒவ்வொரு நோயாளிக்கும் அவரது உயிரணுவைக் கொண்டே தனியாகத் தயாரிக்க வேண்டிய மருந்து, தொழிற்சாலை மாத்திரையின் விலைக்கு இறங்குவது எளிதல்ல.

அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. இச்சிகிச்சை சில வகை ரத்தப் புற்றுகளுக்கு மட்டுமே. 1944-ம் ஆண்டில் கனோல்கர் எண்ணிய அந்த ஆயிரம் பேரைப் போன்ற வாய்ப்புற்று நோயாளிக்கு இதனால் இன்னும் பயனில்லை. காரணம், உயிரணுக்களின் இயல்பில் இருக்கிறது. 'சி.டி.19' உள்ள உயிரணுக்கள் அனைத்தும், நல்லவை உட்பட, அழிந்தாலும் நோயாளி பிழைத்திருக்க முடியும். எதிர்ப்புச் சக்தியில் ஏற்படும் குறையை மருந்தால் ஈடுகட்டலாம். வாய்ப்புற்றின் உயிரணுவில் காணப்படும் புரதங்கள் பலவும் ஆரோக்கியமான வாய், உணவுக்குழாய்த் தோலிலும் உள்ளன. புற்றை அழிக்க அனுப்பிய படை வீட்டையே கொளுத்திவிடும். தவிர, ரத்தத்தில் மிதக்கும் உயிரணுவைப் பிடிப்பதும், கெட்டியான கட்டிக்குள் ஊடுருவுவதும் ஒன்றல்ல. எதிர்ப்பு உயிரணுக்களைச் செயலிழக்கச் செய்யும் சூழலைக் கட்டி தன்னைச் சுற்றி அமைத்துக்கொள்கிறது.

எனவே, வாய்ப்புற்றுக்கு இன்றும் கத்தியும் கதிர்வீச்சும் மருந்துமே சிகிச்சை. தாடையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, காலிலிருந்து எலும்பும் தோலும் எடுத்து ஒட்டுகிறார்கள். நாட்டில் 2022-ம் ஆண்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் 14.6 லட்சம் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பதிவேட்டுத் திட்டம் மதிப்பிட்டது. இந்திய ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுகளின் வரிசையில் வாய்ப்புற்று முன்னணியில் நிற்கிறது. புகையிலை கலந்த உணவுப் பொருள்களுக்கு எதிரான விதி 2011-ம் ஆண்டில் வந்தது. 2012-ம் ஆண்டில் மத்தியப் பிரதேசம் தொடங்கி, தமிழ்நாடு உள்பட மாநிலங்கள் ஒவ்வொன்றாக குட்காவைத் தடை செய்தன. வியாபாரிகள் பாக்குப் பொட்டலத்தையும் புகையிலைப் பொட்டலத்தையும் தனித்தனியாகத் தொங்கவிட்டு விற்றதும், வாங்குபவர் இரண்டையும் உள்ளங்கையில் கலந்துகொண்டதும் எல்லோரும் அறிந்ததே. காரணம் 80 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்ட நோய் இது. அரசுகள் ஆய்வுக்குக் காட்டிய அக்கறையில் பாதியைக் கடைத்தெருவில் காட்டியிருந்தால், பரேல் அறுவை அரங்குகளின் வரிசை குறைந்திருக்கும்.

ஈறும் கன்னமும் சேரும் இடத்தில், புகையிலை ஒதுக்கி வைக்கப்படும் அதே பள்ளத்தில் தோன்றும் புற்றின் மரபணுக்களைக் கார்கர் விஞ்ஞானிகளும், மேற்கு வங்கத்தில் கல்யாணியில் உள்ள தேசிய உயிரிமருத்துவ மரபணுத்தொகுதி நிறுவனத்தினரும் சேர்ந்து படித்தனர். சர்வதேச புற்றுநோய் மரபணுத் திட்டத்தில் இந்தியா தேர்ந்தெடுத்துக்கொண்ட புற்று இதுவே. மேலை நாடுகளுக்கு அதில் அவ்வளவாக அக்கறை இல்லை. 50 நோயாளிகளின் புற்றுத் திசுவையும் நல்ல திசுவையும் ஒப்பிட்டு, மேலும் 60 பேரிடம் சரிபார்த்த முடிவுகள் 2013-ம் ஆண்டில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியாயின. பிற நாட்டு வாய்ப்புற்றுகளில் ஏற்கெனவே தெரிந்த மரபணுக் கோளாறுகளுடன், இந்த வகைக்கே உரிய சில புதிய கோளாறுகளும் தெரியவந்தன. அவற்றில் எது சிகிச்சைக்கான இலக்காகும் என்ற ஆராய்ச்சி நடந்துவருகிறது.

அந்த ஆராய்ச்சிகள் நடைபெறும் கார்கர் வளாகத்தின் மருத்துவப் பிரிவுக் கட்டடத்துக்குப் 'பேமாஸ்டர் ஷோதிகா' என்று பெயர். டாடா மருத்துவமனையின் தொடக்ககால அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரின் நினைவாக வைக்கப்பட்டது. அடிப்படை ஆய்வுக்கூடங்கள் உள்ள கட்டடத்தின் பெயர், 'கனோல்கர் ஷோதிகா'.